வெளியே வரும் சங்கு

மதியம் ஒன்றரை மணிக்கு அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுவாள். முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, கைப்பையைத் தோளில் மாட்டி, காலில் கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பாள். இரண்டேகாலுக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் தொழிற்சாலை பஸ் வரும். மூன்று மணி ஷிஃப்ட். தாமதமானால் சூப்பர்வைசர் கத்துவார். ஜூரோங்கில் இருந்த அந்த ரேடியோ தொழிற்சாலையை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பஸ்ஸும் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, மறதி நோய்.

கேட்டில் பூட்டு தொங்கும். சாவி என் கழுத்தில். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்குவாள். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் தளம் முழுவதும் அந்தச் சத்தம் கேட்கும்.

"பூட்டத் தொறடி! பஸ்ஸு போயிரும்!"

அந்த நேரத்தில் நான் அவளுக்கு மகள் இல்லை, யாரோ ஒரு காவல்காரி. சில நாள் நாற்பது நிமிடம், சில நாள் இரண்டு மணி நேரம். பிறகு களைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்து அழுவாள். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், முதலில் எங்கள்மேல் பரிதாபப்பட்டார். பிறகு அவருடைய பேத்திக்குப் பரீட்சை வந்தது.

பதினெட்டு வருடம் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, அடுத்தவர் பல்வலிக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள் நான். ஐம்பத்தொரு வயதில் அதை விட்டுவிட்டு வீட்டோடு ஆனேன். எல்லோரும் என்னை நல்ல மகள் என்றார்கள். நல்ல மகள் என்று சொல்லிவிட்டு அவரவர் லிஃப்டில் ஏறிப் போனார்கள். பூட்டுக்கு உள்ளே இரண்டு பேர் இருந்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலையில் மூன்று மணி நேரம், ஒரு பராமரிப்பாளர் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார். ரயில் பிடித்துத் தேக்கா சந்தைக்கு ஓடுவேன். மீன், முருங்கைக்கீரை, அம்மாவுக்கு ஸ்டிக்கர் பொட்டு. ஃபேரர் பார்க் வரைக்கும் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒரு தடவையும் நடந்ததில்லை.

தம்பி மெல்பர்னுக்குக் குடிபோனபோது எங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தான். போனில் ஒருநாள் நான் எரிந்து விழுந்தபோது, "அக்கா, யூ நீட் எ ஹாபி லா," என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுடைய பெட்டியையே திறந்தேன். உள்ளே ஓர் அனலாக் சிந்தசைசர், குமிழைத் திருகிச் சத்தம் உண்டாக்கும் வாத்தியம்.

திரை கிடையாது. பதிந்து வைத்த சத்தம் எதுவும் கிடையாது. முன்னால் சின்ன சின்ன கறுப்பு வெள்ளைக் கட்டைகள், அதற்கு மேலே இருபது இருபத்தைந்து திருகு குமிழ்கள். இரண்டு நாள் அதிலிருந்து சத்தமே வரவில்லை. தம்பி ஓட்டைச் சாமானை என் தலையில் கட்டிவிட்டான் என்று வாயாரத் திட்டினேன். மூன்றாம் நாள் கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான் தெரிந்தது, ஃபில்டர் குமிழை நான் முழுக்க மூடி வைத்திருந்தேன். திறந்ததும் ஸ்பீக்கர் உறுமியது. பயந்து நாற்காலியோடு பின்னால் போனேன்.

பிறகு மெல்லப் பிடிபட்டது. ஆசிலேட்டர் என்ற பகுதி இரைச்சலான ஒரு சத்தத்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஃபில்டர் அதில் கூர்மையை எடுத்துவிடும், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது மாதிரி. அப்புறம் அட்டாக், டீகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று நான்கு குமிழ். சத்தம் எப்படி எழுந்து, இறங்கி, நின்று, ஓய வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்யும். ரிலீஸ் பூஜ்யத்தில் இருந்தால் விரலை எடுத்தவுடன் சத்தம் அறுந்துவிடும். கூட்டி வைத்தால், விரலை எடுத்த பிறகும் தன் போக்கில் கொஞ்ச தூரம் போய் அடங்கும். பெயரைப் பார்த்தே எனக்கு அந்தக் குமிழின்மேல் ஒரு கண்.

ஒருநாள் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அட்டாக்கைக் கூட்டி வைத்து ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தம் அடியிலிருந்து மெதுவாக ஏறி உச்சத்தில் போய் நின்றது. அம்மா கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"சங்கு ஊதிட்டான்!"

அம்மா வயதுக்காரர்களுக்குத் தொழிற்சாலை சைரன் சங்குதான். எனக்கு அது உறைப்பதற்குள் அவள் வெறுங்காலோடு ஓடிவிட்டாள். கம்பிக்கு நடுவில் கையை விட்டு வெளியிலிருந்து பூட்டைத் திருகப் பார்த்ததில் இரண்டு விரல் மாட்டிக்கொண்டது. நான் போய் எடுத்துவிடுவதற்குள் ரத்தம். மக்சிக் வெளியே வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"கெசியான் லா, யுவர் மதர். எவ்ரிடே லைக் திஸ், ஹௌ?"

பாவம் என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு அம்மாவை உள்ளே கூட்டிப்போய் விரலுக்குக் கட்டுப் போட்டேன். அன்று சாயங்காலம் தம்பி வீடியோவில் அம்மாவின் விரலில் இருந்த கட்டைப் பார்த்தான்.

"அக்கா, அம்மாவ முதியோர் ஹோம்ல விடுறதப் பத்தி சீரியஸா யோசிக்கணும். ஒரு இடம் இருக்காம். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"உனக்கென்னடா, அங்க உக்காந்துக்கிட்டு ஈசியா சொல்லுவ."

"டெய்லி இப்படிக் கேட்டுல தொங்கினா எப்படிக்கா? அடுத்த தடவை தலையில அடிபட்டா?"

கோபத்தில் போனை வைத்தேன். உண்மையைச் சொன்னால் கோபம் மட்டும் வரவில்லை, ஆசையும் வந்தது. அம்மா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை காயத்துக்குக் கட்டு மாற்றும்போது அம்மா தெளிவாக இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே பேசினாள்.

"ஏன்டி பயந்துக்குற? நேத்து ஊதுனது உள்ள போற சங்கு. லேட்டா வர்றவளுக்குத்தான் பயம்."

"அப்ப வெளிய வர்ற சங்கு எப்படிம்மா இருக்கும்?"

உதட்டைக் குவித்தாள். உயரத்தில் ஆரம்பித்து, மெல்ல வழுக்கி இறங்கி, எங்கோ தூரத்துக்குப் போகிற மாதிரி ஊதிக் காட்டினாள். மூச்சு தீர்ந்தபோது நிறுத்தினாள். "அது கேட்டுச்சுன்னா கை தானா பைய எடுக்கும்," என்றாள்.

வெளியே போக அவளுக்கு ஆசை இல்லை, வீட்டுக்கு வரத்தான் ஆசை, அதற்கு முதலில் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது. உள்ளே போகும் சங்கை என்னால் தெரியாமல் செய்ய முடிந்தது என்றால், வெளியே வரும் சங்கைத் தெரிந்தே செய்துவிடலாம். மாசக் கடைசிக்குப் பதினாறு நாள் இருந்தது.

கிளைட் என்று ஒரு குமிழ். அதைக் கூட்டினால் மேல் கட்டையிலிருந்து கீழ்க் கட்டைக்குச் சத்தம் தாவாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அது கிடைத்தவுடன் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அம்மாதான் பரிசோதகர். தொழிற்சாலையிலும் அவளுக்குச் சோதனை மேசை வேலைதான், ஓடாத ரேடியோவைத் தூக்கி ஓரமாக வைப்பது. அந்தக் கண்டிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

"இது கப்பல்," என்றாள் முதல் நாள்.

"இது போலீஸ்காரன்."

"இது என்னடி, மாடு கத்துது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓர் ஆசிலேட்டர் மெலிவாக இருக்கிறது என்று இரண்டாவதையும் திறந்தேன். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதை ஒரு மயிரிழை தள்ளி வைத்ததும் சத்தம் தடித்து அலை அலையாக ஆடியது. அம்மா தலையைத் தூக்கினாள். "கூரை மேல ரெண்டு கொழா இருக்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ரிலீஸைக் கூட்டினேன். சத்தம் ஓயும்போது ஃபில்டரும் கூடவே மூடிக்கொள்ளும்படி செய்தேன், அப்போதுதான் தூரத்தில் போய் அடங்கும். இதில் இன்னொரு தொல்லை, இந்த மிஷின் சூடாகும்வரை சுருதி நிற்காமல் நழுவும். ஒரு மணிக்கே போட்டு வைத்தால்தான் இரண்டு மணிக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஒன்பதாம் நாள். இரண்டு மணி இருக்கும். அம்மா கேட்டை உலுக்கிக்கொண்டிருந்தாள். நான் மேல் கட்டையை அழுத்திப் பிடித்து, கீழே இறக்கி, விரலை எடுத்தேன். சத்தம் கூடத்தைத் தாண்டித் தாழ்வாரத்துக்குப் போய் அடங்கியது. உலுக்கல் நின்றது. அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். சப்பாத்து அலமாரிமேல் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு சப்பாத்தாகக் கழற்றினாள்.

"அப்பாடா. காலு வலி உயிரு போகுது," என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளோ நேராக மிஷினிடம் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லாக் குமிழ்களையும் வரிசையாகப் பூஜ்யத்துக்குத் திருகினாள்.

"அம்மா! என்ன பண்றீங்க!"

"ஷிஃப்ட் முடிஞ்சா ஜீரோல வெச்சுட்டுப் போகணும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வர்றவ திட்டுவா."

ஒன்பது நாள் வேலை அரை நிமிடத்தில் போயிற்று. அந்த மிஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது, அவளுக்கும் கிடையாது, ஞாபகம் வைக்க வேண்டியவள் நான் ஒருத்தி. மறுநாள் என்னால் அதே சங்கைப் பிடிக்க முடியவில்லை. அம்மா ஒன்றரை மணி நேரம் கேட்டில் நின்றாள்.

அந்தச் சனிக்கிழமை தேக்காவில் இரண்டு அட்டை சிவப்புப் பொட்டு வாங்கினேன். சங்கைத் திரும்பப் பிடித்து, ஒவ்வொரு குமிழும் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு ஒட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் அம்மா குமிழ்களைப் பூஜ்யத்தில் வைத்தாள். பிறகு பொட்டுகளை நகத்தால் உரித்து, ஒன்றை நெற்றியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குளியலறைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவிட்டாள். நானும் தமிழச்சிதானே, பொட்டைப் பார்த்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்குப் பிறகு ஒரு நோட்டில் வரைந்து வைத்தேன். பிறகு நோட்டும் வேண்டாமல் போயிற்று, விரல்களுக்கே பழகிவிட்டது.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, தொடர்ந்து நான்கு நாள் கேட் உலுக்கல் இல்லை என்ற சந்தோஷத்தில் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். 'அம்மாவுக்குச் சங்கு ஊதியாச்சு. இனிமே பிரச்சனை இல்ல. ஹோம் வேணாம்னு சொல்லிரு.'

ஒரு நிமிடத்தில் போன் வந்தது. எடுத்தேன், தம்பிதான். அழுதுகொண்டிருந்தான்.

"எப்பக்கா? எப்ப போனாங்க? ஏன்க்கா எனக்கு முன்னாடியே சொல்லல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒருவருக்குச் சங்கு ஊதியாயிற்று என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று, இத்தனை நாள் சங்கு சங்கு என்று அதிலேயே கிடந்த எனக்கு மறந்து போயிருந்தது. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அம்மா இதோ உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள் என்று போனைத் திருப்பிக் காட்டினேன். தம்பி என்னைக் கண்டபடி திட்டினான். திட்டிக்கொண்டே அழுதான். "சரி, ஹோம் வேணாம். நான் சொல்லிர்றேன்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வைத்தான்.

இதையும் எழுதிவிடுகிறேன். "எப்ப போனாங்க?" என்று அவன் கேட்டதற்கும் எனக்குப் புரிந்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி இருந்தது. அந்த நொடிகளில் அவன் சொல்வதை நான் நம்பிவிட்டேன். பூட்டில்லாத கேட்டையும், கடிகாரம் பார்க்காமல் ஃபேரர் பார்க் பக்கம் நடக்கிற என்னையும் பார்த்தேன். நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது. அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் பாதி வெட்கம். அன்று முழுக்க அம்மாவின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாளும் ஒரு மணிக்கு மிஷினைப் போட்டேன். அம்மா பவுடர் பூசி, பை மாட்டி வந்து நின்றாள். சங்கு ஊதினேன். சப்பாத்தைக் கழற்றினாள், குமிழ்களைப் பூஜ்யத்தில் வைத்தாள், விரல் தழும்பைத் தடவிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். நான் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீ ஏம்மா இன்னும் உக்காந்திருக்க?"

குரல் மகளிடம் பேசுகிற குரல் இல்லை. சோதனை மேசையில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் பேசுகிற குரல்.

"சங்கு ஊதிருச்சுல்ல. உனக்கும்தான் ஷிஃப்ட் முடிஞ்சுது. காலையிலேருந்து பாக்குறேன், தண்ணிகூடக் குடிக்காம வேல பாக்குற. கெளம்பு, வீட்டுக்குப் போ. உங்கம்மா தேடுவாங்க."

கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரிக்கா. இதோ கெளம்பிட்டேன்," என்றேன்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மிஷினை அணைத்துவிட்டு, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.