மேடையிலிருந்து ஓடிய மாப்பிள்ளை

கொட்டாம்பட்டியில் எங்கள் ரிசப்ஷன். காலமான தன் அப்பாவின் பழைய வீடியோக்களைத் தொகுத்து, என் மனைவி தன் மேக் கணினியில் ஒரு படம் செய்திருந்தாள். மண்டபத்து விண்டோஸ் லேப்டாப்புக்கு அவளுடைய ஹார்டு டிஸ்க்கைப் படிக்கத் தெரியவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா என்று பெரிய திரையில் கேட்டது. செய்தால் எல்லாம் அழிந்துவிடும், வேறு பிரதியும் கிடையாது. ஆபரேட்டரின் கை மவுஸுக்குப் போனது. நான் மாலையோடு மேடையிலிருந்து குதித்து ஓடினேன்.

மனைவியின் சித்தப்பா பாதி வழியில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். "மாப்ள, எதுனாலும் பேசித் தீத்துக்கிருவோம். ஓடாதீங்க."

"அண்ணே, அமுக்கிராதீங்க" என்று அவர் தோளுக்கு மேல் ஆபரேட்டரிடம் கத்தினேன்.

மனைவி இறங்கி வந்து, மேக் டிஸ்க்கைப் படிக்கும் மென்பொருளை அந்த லேப்டாப்பில் ஏற்றினாள். திரையில் மாமனார் சிரித்தார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் முதல் சந்திப்பு, அவர் தம்பியின் பிடியில் நான் நிற்கும்போதுதான் நடந்தது.