டிரைவர் முகம் தெரியாத வண்டி

பஸ்ஸில் ஏறினால் பால்ராஜ் உட்காருவதில்லை. இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் நேராக முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். போடியிலிருந்து தேனி போய்ச் சேரும் வரை அவருடைய வலது கால் சும்மா இருக்காது. குறுக்கே ஆடு வந்தால், இல்லாத பிரேக்கை அழுத்தும். எதிரே லாரி வந்தால் அழுத்தும். அந்தத் தடத்து டிரைவர்களுக்கு அவரைத் தெரியும். "அண்ணே, வண்டி நின்னுருச்சு. காலை எடுங்க," என்பார்கள். பால்ராஜ் சிரிப்பார். காலை எடுக்க மாட்டார்.

அவரும் டிரைவர்தான். விடியும் முன்பே போடியில் பெண்களை ஜீப்பில் ஏற்றி, முந்தல் தாண்டி, மெட்டு என்கிற மலைமேட்டில் ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிறவர். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மடியில் தூக்குச்சட்டியோடு, மூச்சுவிட இடமில்லாமல் அவர்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சு என்று சொல்லும் மூடுபனி இறங்கிய வளைவில் பால்ராஜ் வண்டியைத் திருப்பினால் தூக்குச்சட்டியில் இருக்கும் குழம்பு தளும்பாது. மழை நாளில் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அவர் ஜீப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

தன் கையில் இருக்கும் ஸ்டியரிங்கில் அவருக்குப் பயமே கிடையாது. அடுத்தவர் கையில் இருப்பதுதான் ஆகாது. அப்படியும் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். "மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுபோகும்ணே. ராத்திரி தூங்குனானா, வீட்டுல சண்டையா, எல்லாம் கண்ணுல நிக்கும்," என்பார் என்னிடம். நான் அவர் தெருக்காரன். என்னை விட இரண்டு வயது இளையவர் என்பதால் 'அண்ணே' போட்டுத்தான் பேசுவார்.

அவரிடம் மணி கேட்டால் இரண்டு மணி சொல்வார். "இங்க ஒம்போது. அங்க ஏழரை." அங்கே என்பது மஸ்கட். அவர் மனைவி அமுதவள்ளி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து வருடமாக இந்த இரண்டாவது மணி அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜீப் ஸ்டாண்டில் சுடலை என்றொரு டிரைவர் இருக்கிறார். "மணி கேட்டா ஒரு மணி சொல்லுய்யா. நாங்க என்ன பிளேனுக்கா போறோம்?" என்று அவர் சலித்துக்கொள்வதும் ஐந்து வருடமாக நடக்கிறது.

அமுதவள்ளி கஷ்டத்துக்காகப் போகவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தேனியில் நர்ஸாக இருந்தவளுக்கு நாற்பது வயதில் ஒரு ஆசை வந்தது. "இம்புட்டு நாளும் இந்த மெட்டையே பாத்துட்டேன். ஒரு தடவை கடலைத் தாண்டிப் பாக்குறேனே," என்றாள். பால்ராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. தன் ஜீப்பிலேயே மலை ஏறி இறங்கி, கொச்சிக்குப் பக்கத்தில் நெடும்பாசேரி விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டார். அதற்கப்புறம் அவள் லீவு முடிந்து திரும்பும் போதெல்லாம் அவர்தான் கொண்டுபோய் விடுவது. அவள் உள்ளே போன பிறகும் கிளம்ப மாட்டார். வண்டி நிறுத்துகிற இடத்தில், வெயிலில் காயும் ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பார். வானத்தைப் பார்க்க மாட்டார். 'இறங்கிட்டேன்' என்று அவளிடமிருந்து செய்தி வந்த பிறகுதான் சாவியைத் திருகுவார்.

வீட்டில் அவளுடைய ஸ்கூட்டர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைத்து, எடுத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்துவார். ஜீப் ஓட்டுகிற ஆள், முட்டி ஹேண்டிலில் இடிக்க, அந்த ரோஸ் நிற ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துத் தெருவில் சிரிப்பார்கள். "சும்மா கெடந்தா பேட்டரி செத்துப்போகும்ல. அவ வந்தா ஒடனே எடுக்கணும்," என்பார்.

போன வருடம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. "அடுத்த வருசந்தான் விடுவாகளாம். நீங்க ஒரு மாசம் வாங்களேன்," என்றாள். அதற்காகவே, மற்ற நர்ஸுகளோடு இருந்த அறையை விட்டு, ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டில் தனி அறை எடுத்தாள். ஒரு கட்டில் இருந்த இடத்தில் இன்னொரு கட்டிலும் வாங்கிப் போட்டாள்.

பால்ராஜ் நெடும்பாசேரிக்குப் போனார். உள்ளே போய், சோதனையெல்லாம் முடித்து, விமானத்திலும் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். அப்புறம் அங்கே நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, தோட்டத்தில் பழகிய மலையாளத்தில், "டிரைவரை ஒண்ணு காணான் பற்றுமோ?" என்று கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் பார்க்க முடியாது என்றிருக்கிறாள். முன்னால் ஒரு சின்னக் கதவு. அது சாத்தியே இருந்தது.

"அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. அதுக்கு அங்கிட்டு யாரு இருக்கா, எப்படிப்பட்ட ஆளு, ஒண்ணுந் தெரியல. கையி காலு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிருச்சு. எந்திரிச்சு, என்னை எறக்கி விட்ருங்கண்டு கத்திட்டேன்."

இறக்கிவிட்டார்கள். அவருடைய பெட்டியைத் தேடி எடுக்கும் வரை விமானம் நின்றது. ஏன் இறங்கினாய், பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெகுநேரம் விசாரித்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்துதான் அமுதவள்ளிக்குப் போன் போட்டார். அவள் புதுச் சுடிதார் போட்டு, அவரைக் கூப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி விடுங்க. வெரசா வீடு போய்ச் சேருங்க. பொழுது சாஞ்சா மெட்டுல மஞ்சு எறங்கிரும்," என்றாள்.

"ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா தேவலண்ணே," என்றார் பால்ராஜ்.

ஜீப் ஸ்டாண்டில் ஒரு மாதம் அதுதான் பேச்சு. "ஏரோப்பிளேன்ல பிரேக்கு சரியில்லையாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. மெட்டுக்கு மேலே பெண்களை இறக்கிவிட்டு, டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, அவளோடு வீடியோவில் பேசுவது அவர் வழக்கம். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை முழுவதும் சொல்வாள். அதற்குப் பிறகு, "சாப்பிட்டீங்களா? சரி, சோலியப் பாருங்க," என்பதோடு முடித்துக்கொண்டாள். ஒருநாள் அவள் பின்னால் அந்த இரண்டாவது கட்டில் தெரிந்தது. விரிப்புக் கலையாமல் கிடந்தது.

"அதைக் குடுத்துரு அமுதா. எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?"

"குடுத்துட்டா, நீங்க வரமாட்டீங்கண்டு நானே முடிவு பண்ணுன மாதிரி ஆயிரும்ல? கெடக்கட்டும்."

இதை என்னிடம் சொல்லும்போது பால்ராஜ் டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. "எனக்கு மட்டும் அவளப் பாக்கணும்ண்டு இல்லையாண்ணே? நெனப்பு அங்கதான் கெடக்கு. ஒடம்புதான் ஏற மாட்டேங்குது."

பயத்தைப் போக்க அவர் செய்யாததில்லை. டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, அரை மாத்திரை போட்டால் போதும் என்றார். வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுசாகப் போட்டுக்கொண்டு, இருட்டும் வரை தூங்கினார். எழுந்து வந்து, "இது ஆகாதுண்ணே. தூங்கிட்டே போனா, ஓட்டுறவன் எப்படி ஓட்டுறாண்டு யாரு பாக்குறது?" என்றார்.

கடைசியில் வழி காட்டியது அவர் ஜீப்பில் தினமும் வரும் மொக்கம்மாள். ஏலக்காய் எடுப்பதில் பெரிய கை, வாயும் அப்படித்தான். ஒருநாள் மலை இறங்கும்போது, டிரைவர் முகம் தெரியாத வண்டியில் எப்படி ஏறுவது என்று பால்ராஜ் மறுபடியும் புலம்பியிருக்கிறார். பின்னாலிருந்து மொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏ பாலு, எங்களுக்கு மட்டும் உன் மூஞ்சியா தெரியுது? பின்னாடி உக்காந்திருக்கவளுக்கு உன் முதுகுதான் தெரியும். இந்த மஞ்சுலயும் மழையிலயும் அந்த முதுகை நம்பித்தான ஏறுறோம்? ஒருத்தியாச்சும் எறக்கி விடுண்டு கத்துனமா?"

ஜீப்பே சிரித்தது. பால்ராஜ் சிரிக்கவில்லை.

அடுத்த வேலை நாளில் தன் ஜீப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மொக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு சுடலையின் ஜீப்பில் பின்னால் ஏறி, அவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவே உட்கார்ந்தார். சுடலைக்குப் பெரிய கொண்டாட்டம். "டிக்கெட்ட எடுத்துட்டு ஏறுங்க சார்," என்றார். ஆறாவது வளைவில் பால்ராஜ் வாந்தி எடுத்தார். மெட்டு வரை கண்ணைத் திறக்கவில்லை. மறுவாரமும் ஏறினார். அதற்கு மறுவாரமும் ஏறினார். மொக்கம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைப்பாள், ஊர்க்கதை பேசுவாள், கால் உதைத்தால் தொடையில் அடித்து அடக்குவாள்.

ஒருநாள் மேலே ஏறும்போது அவர் கண்ணைத் திறந்துவிட்டார். மழை விட்டிருந்த காலை. ஜீப்பின் பின்வாசல் வழியாக, அவர்கள் ஏறி வந்த சாலை மடிந்து மடிந்து கீழே போயிற்று. அதற்கும் கீழே போடி, சுற்றிலும் தோப்புகள், சிலமலைப் பக்கத்து வயல்கள், எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெயில். இத்தனை வருடம் அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர், முன்னால் இருக்கும் தார்ச்சாலையை விட்டுக் கண்ணை எடுத்ததே இல்லை.

"நம்ம ஊரு இம்புட்டு அழகாவா இருக்கும்?" என்றார்.

"நாங்க தெனமும் பாக்குறதுதான்," என்றாள் மொக்கம்மாள்.

அன்று மேலே போனதும் அமுதவள்ளியிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வீடியோவைத் திருப்பிப் பள்ளத்தாக்கைக் காட்டியிருக்கிறார். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அடுத்த தடவை நானும் பின்னாடியே உக்காந்துக்கிறேன்," என்றாளாம். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நீளமாகப் பேசினாள்.

போன மாதம் மறுபடியும் கிளம்பினார். சுடலை ஓட்ட, நான் முன்னால் உட்கார, பால்ராஜ் பெட்டியோடு தானாகவே பின்னால் ஏறிக்கொண்டார். அடிமாலியில் சாப்பிடக் கூப்பிட்டோம், வேண்டாம் என்றார். நெடும்பாசேரியில் வாசலுக்கு முன்னால் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணே, எறங்கிட்டு வந்தாலும் வருவேன். சுடலையக் கெளம்பச் சொல்லிராதீங்க."

"நாங்க எங்கயும் போகல. நீ போ," என்றேன்.

பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்றோம். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் சுடலை எட்டிப் பார்த்தார். ஸ்டாண்டில் பால்ராஜைக் கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் சுடலைதான். இப்போது, "வந்துறக் கூடாதுடா சாமி, வந்துறக் கூடாது," என்று முனகிக்கொண்டிருந்தார். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. என் போன் அடித்தது.

"அண்ணே," என்றது பால்ராஜின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "கதவச் சாத்திட்டாக."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நாங்கள் மலை ஏறும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மெட்டில் டீக்கு நிறுத்திய இடத்தில், வேலை முடிந்து வேறொரு ஜீப்புக்காக நின்ற மொக்கம்மாள் ஓடிவந்து விஷயம் கேட்டாள். ஏறிவிட்டார் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, "திரும்பி வர்றதுக்கும் அதுலதான் ஏறணும்ங்கிறது அந்த மனுசனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் அமுதவள்ளி எனக்குப் போன் செய்தாள். வந்துட்டாக என்பதைத்தான் முதலில் சொன்னாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பவில்லையாம். தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். வெளியே வந்தவர் அவளைப் பார்த்தார். பெட்டியை விட்டுவிட்டு, வந்துபோகும் கூட்டத்துக்கு நடுவே அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பயமாப் போச்சுண்ணே. மயக்கமோண்டு நானும் பக்கத்துல உக்காந்து கையில நாடியப் புடிச்சுப் பாத்தேன். எண்ண ஆரம்பிச்சேன்," என்றாள் அமுதவள்ளி.

"எங்க எண்ண விட்டாக? இன்னொரு கைய எடுத்து எங் கை மேல வச்சு, இறுக்கிப் புடிச்சுக்கிட்டாக."