மெரினா கேட்ட இரண்டு நாள் லீவு

போன செவ்வாய்க்கிழமை காலை கேற்றடியில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கடல் வெயிலில் கறுத்த முகம், மடிப்புக் கலையாத சேட். கையில் மூன்று வாரத்துக்கு முந்தைய பேப்பர். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தி வந்த பக்கம் மேலே தெரிந்தது.

வாசகர்கள் சிலர் இப்படி வருவதுண்டு. பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, நீங்கள் எழுதின டொக்டர் என்ர மகள்."

உங்களில் பலருக்கு அந்தப் பத்தி ஞாபகம் இருக்கும். என் தம்பிக்கு நெஞ்சுவலி வந்து, வெளிமாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோன கதை. வார்ட்டில் ஒரு பெண் டொக்டர். கேட்டார், எழுதினார், போனார். ஒருமுறைகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு வெள்ளைக் கோட் போட்டுவிட்டார்களா என்று எழுதியிருந்தேன். தம்பி பிழைத்து வந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

பெயர் போடவில்லைதான். ஆனால் நாளையும் வார்ட்டையும் எழுதிய பிறகு பெயர் எதற்கு? யாரோ அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட, ஆஸ்பத்திரி மேலிடம் அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டிருக்கிறது.

சண்டை பிடிக்க வந்திருக்கிறார், பிடிக்கட்டும் என்று நின்றேன். அவரோ கெஞ்சினார்.

"படிப்பை விட்டிட்டு வந்திட்டாள். அறையை விட்டு வெளிய வாறாள் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ. எழுதின ஆள் சொன்னாக் கேப்பாள்."

அவர்களுடைய கடற்கரை ஊரான பேசாலைக்கு அவருடனேயே பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் மகள் கதைதான். பெயரை மெரினா என்று வைத்துக்கொள்வோம் — இந்த முறையாவது கவனமாக இருக்கிறேன். டொக்டராகி, விசேட வைத்திய நிபுணராவதற்கான பரீட்சையும் பாஸ் பண்ணி, பயிற்சியில் இரண்டாம் வருடம். அவர் கடலுக்குப் போய்ப் படிப்பித்த பிள்ளை.

மெரினா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் பொய் எழுதேல்லை அன்ரி. நான் முகத்தைப் பார்க்கேல்லைத்தான். பார்த்தா அழுதிடுவன் எண்ட பயம்."

மெல்ல மெல்லச் சொன்னாள். நாலு பயிற்சி டொக்டர்கள் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவருக்குப் பிரசவ லீவு. பதில் ஆள் இல்லை. நாங்கள் போன அன்று அவள் தொடர்ந்து இரண்டாவது நாளாக டியூட்டியில் நின்றிருக்கிறாள். அன்று காலையில்தான் இங்கே ஊர்க் கோயிலில், இறந்துபோன அவளுடைய அம்மாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலி.

"ரெண்டு நாள் லீவு கேட்டனான். நாங்களும் இப்பிடிக் கஷ்டப்பட்டுத்தான் வந்தனாங்கள் எண்டு பெரிய டொக்டர்மார் சொல்லிச்சினம். பேந்து நான் கேக்கேல்லை."

"ஆரிட்டையாவது மனம்விட்டுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"ஆரிட்டை? எனக்குப் பொறுப்பான பெரிய டொக்டர்தான் எனக்குப் புள்ளியும் போடுறவர். ஏலாமக் கிடக்கு எண்டு அவரிட்டைப் போய்ச் சொல்லுறதோ?"

டொக்டர்களின் மனநலத்துக்கென்று வார்ட் சுவரில் ஒரு நோட்டீஸ் இருக்கிறதாம். தினமும் எட்டு மணி நேர நித்திரை, யோகா, குடும்பத்தோடு நேரம்... சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

லீவில் போனவருக்குப் பதில் ஆள். நீண்ட டியூட்டிக்கு மறுநாள் ஓய்வு. புள்ளி போடாத யாராவது ஒருவர், காது கொடுத்துக் கேட்க. இவை என்ன, சந்திரனிலிருந்து இறக்க வேண்டிய சாமான்களா? நோயாளிக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் சத்தம் போட நாங்கள் இருக்கிறோம். டொக்டருக்காகச் சத்தம் போட யார் இருக்கிறார்கள்? நானே எந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

"திரும்பிப் போகலாம்தானே பிள்ளை?"

"விலகல் கடிதம் குடுத்திட்டன். அடுத்த நாளே ஏற்றுக்கொண்டிட்டினம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது." சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். "இனி என்னைப் பற்றி எழுதி ஒண்டும் ஆகாது. எழுதுறதெண்டா அங்கை மிஞ்சி நிக்கிறவளுக்காக எழுதுங்கோ. அவள் இப்ப தனிய."

அதற்குத்தான் இந்த வாரம் இது. யார் படித்து என்ன நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போன முறை எழுதியது மட்டும் ஒரே நாளில் போகவேண்டிய இடத்துக்குப் போனது.

வெளியே வந்தேன். தகப்பன் வாசலிலேயே நின்றார்.

"என்னவாம் தங்கச்சி? எப்ப போறாளாம்?"

போவாளா என்று அவர் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார்.

பஸ் வருகிறது என்று சொல்லி றோட்டுக்கு ஓடினேன்... ஒரு பஸ்ஸும் வரவில்லை.