இருட்டுக் குகையும் கழற்றி வைத்த சப்பாத்துகளும்

உள்ளே நுழைவதற்கு முன்பே வவ்வால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறியது, வெயிலில் காயும் பெலாச்சான் இறால் விழுதுபோல. பத்துமலைப் படிகளில் முக்கால்வாசி ஏறியபின் இடப்பக்கம் பிரியும் அந்த இருட்டுக் குகையை ஒரு காலத்தில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். தைப்பூசம் தவறாமல் மலையேறிய எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பியதில்லை. முருகனைப் பார்த்தோமா, இறங்கினோமா என்று இருந்தவர்கள் நாங்கள்.

ஆனால் கிரேசிடம் நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன். பிரிக்பீல்ட்சில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தவள் அவள். அப்பாவுக்கு வேலை மாற்றலாகி ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில், புதுப் பள்ளியில் தனக்கு எத்தனை "கூட்டாளிகள்" என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, எனக்கு வயிறு எரியும். பதிலுக்கு நானும் எதையாவது சொல்லவேண்டுமே என்று, இருட்டுக் குகைக்குள் மூன்று தடவை போயிருக்கிறேன், வழியெல்லாம் அத்துப்படி என்று அளந்துவிட்டேன். பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் முதலில் கேட்டதே குகையைத்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பொய் தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி நின்றுபோகும் என்று நிஜமாகவே பயந்தேன்.

அம்மா எங்களைக் கொமுட்டர் ரயிலில் கூட்டிப்போனார். குகை வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நானும் யோசிக்காமல் சப்பாத்தைக் கழற்றினேன். பத்துமலையில் குகை என்றால் உள்ளே சாமி இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. மெதடிஸ்ட் குடும்பத்துப் பெண்ணான கிரேஸ் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தையும் கழற்றி, காலுறைகளைச் சுருட்டி அதற்குள் வைத்தாள்.

தலைக்கவசமும் டார்ச்சும் கொடுத்துக்கொண்டிருந்த வழிகாட்டி இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஆன்டி, இது கோயில் இல்ல லா. கால்ல போட்டுக்கிட்டாதான் உள்ள விடுவோம். கீழ பூரா வவ்வால் பீ, பூச்சி."

"எங்களுக்கு என்னா தெரியும் தம்பி, இதான் மொத தடவ. இவளும் வந்ததே இல்ல," என்றார் அம்மா, என்னைக் காட்டி.

எனக்குக் காது இரண்டும் சுட்டன. கிரேஸ் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள்.

குகைக்குள் வழிகாட்டி சுவரில் ஒட்டியிருந்த பூச்சிகளையும் சொட்டுச் சொட்டாக வளர்ந்த பாறைகளையும் காட்டிக்கொண்டே போனார். என் கண்ணில் எதுவும் பதியவில்லை. கடைசியில், "எல்லாரும் டார்ச்ச அடைங்க, உண்மையான இருட்டப் பாருங்க," என்றார். அடைத்ததும் என் கையே எனக்குத் தெரியவில்லை.

"நீ மூனு தடவ வந்தது பொய்தானே?" என்று பக்கத்திலிருந்து கிரேஸ் மெல்லக் கேட்டாள்.

"ஆமா," என்றேன். அழுகை வந்தது.

அவள் குரல் இன்னும் தணிந்தது.

"எனக்கும் அங்க கூட்டாளி யாரும் இல்ல. ரீசஸ்ல தனியாதான் சாப்புடுறேன்."

அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். விளக்குகள் மறுபடி எரிந்தபோது அவள் மேலே வவ்வால்களைப் பார்ப்பதுபோல் நின்றாள். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் பேசினோம். பள்ளிக் கதையை மட்டும் அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சுற்றுலாவை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. குகைக்குப் போகும் வழி மூடிக் கிடக்கிறது. கிரேஸ் இப்போது செமினியில் வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். போன வாரம் வீடியோ அழைப்பில் அவள் முகம் வாடியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஓகே லா, நல்லா இருக்கேன்," என்றாள்.

அன்று காலைதான் அழுது முடித்திருந்த நானும் அதையேதான் சொன்னேன். அந்தக் குகையின் இருட்டு இல்லை; இருவர் வீட்டிலும் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.