கதவைச் சாத்திக் காட்டச் சொல்லு

தெருவில் எல்லோருக்கும் அவள் செல்போன் அக்கா. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன்களைப் பழுது பார்ப்பாள். கையோடு சேர்ந்து வாயும் வேலை செய்யும். குடும்பத்தோடு வெளிநாடு போகலாம் என்று தம்பி ஆரம்பித்ததும், தங்கப்போகும் விடுதியின் குளியலறையைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போன பயணத்தில் நாற்காலி குளியலறைக்குள் நுழையாமல் தம்பிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அந்தக் கூச்சம் இன்னும் அவளுக்குப் போகவில்லை.

“எல்லா வசதியும் இருக்குன்னு போட்டிருக்காங்கக்கா.”

“அப்பவும் அப்படித்தான்டா போட்டிருந்தான். வீடியோ கால் போடு.”

விடுதி மேலாளர் அறையைச் சுற்றிக் காட்டினார். அக்கா மசியவில்லை.

“அங்க ஒரு வீல்சேர் வச்சிருப்பாங்கல்ல? அவரையே அதுல உக்காந்து உள்ள போகச் சொல்லு.”

“என் மானத்தை வாங்காதக்கா!”

“அங்க போகப்போறது என் மானம்டா. சொல்லு.”

தம்பி நெளிந்துகொண்டே ஆங்கிலத்தில் சொன்னான். மேலாளர் சிரித்தபடி போனை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, வீல்சேரில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டு போனார். குளியலறைக் கதவு நிலையில் இடித்து நின்றதும் சிரிப்பு போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு, கீழ்த்தளத்தில் வேறோர் அறைக்குப் போனார். அங்கே தாராளமாகக் குளியலறைக்குள் போய் நாற்காலியைத் திருப்பினார்.

“கதவைச் சாத்திக் காட்டச் சொல்லு.”

திரையில் மூடிய கதவு மட்டும் தெரிந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டிக்கெட் போடுடா,” என்றாள். “ஜன்னல் சீட்டு எனக்கு.”