கரண்டு சைக்கிளும் மேற்குக் காற்றும்

ஸ்கூட்டர் லைசென்ஸுக்கான எட்டு எனக்கு வரவே இல்லை. எங்கள் கேரளத்தில் லைசென்ஸ் வேண்டுமென்றால் நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே, தரையில் கால் ஊன்றாமல், வண்டியில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். முதல் வட்டத்தை ஒழுங்காகச் சுற்றிவிடுவேன். இரண்டாவதற்குத் திரும்பும்போது வண்டியின் கனம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருக்கும். கால் தானாகத் தரைக்குப் போய்விடும். "காலு குத்தி. இனி அடுத்த தவண" என்று, கால் ஊன்றியதால் இனி அடுத்த முறைதான் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கால். கடைசியில் போவதையே நிறுத்திவிட்டேன்.

எனக்கு வேலை வேலந்தாவளத்தில், ஒரு மருந்துக் கடையில். வீடு கொழிஞ்சாம்பாறை. நடுவே பஸ் உண்டு. ஆனால் காலையில் ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாட்டுச் சந்தை நாளில் படியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கடை திறக்கும் நேரம் தாண்டி, ஷாலும் பையும் கசங்கிப் போய் இறங்கும்போதெல்லாம் அந்தக் கம்பிகளை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கடைக்கு எதிரே ஒரு சைக்கிள் சாத்தி வைத்திருந்தது. பார்க்கச் சாதாரண சைக்கிள்தான். பின்சக்கரத்தின் நடுவில் மட்டும் சின்னச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல ஏதோ இருந்தது. அது ஒரு டீச்சருடையது. மருந்து வாங்க அவர் கடைக்குள் வந்தபோது கேட்டேன்.

"அதுதாங்க மோட்டார். சக்கரத்துக்குள்ளயே இருக்குது. மிதிச்சா அது கூடச் சேர்ந்து தள்ளும்."

"லைசென்ஸ் வேண்டாமுங்களா?"

"வேண்டாங்க. மெதுவாப் போற வண்டி, பதிவும் கிடையாது. வேணும்னா தூக்கிப் பாருங்க."

ஒரு கையால் சீட்டையும் இன்னொரு கையால் ஹேண்டிலையும் பிடித்துத் தூக்கினேன். வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிள் ஓட்டியவள் நான். அந்தக் கனம் என் கைக்குத் தெரிந்த கனம். சாய்ந்தாலும் நானே பிடித்து நிறுத்தலாம் என்ற தைரியம் அந்த நிமிஷமே வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "வாங்கிக்க" என்றார். அவ்வளவுதான். என்ன வண்டி, எங்கே வாங்குவது, ரோட்டில் எப்படிப் போவாய், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைவீதியில் எங்களுக்கு ஒரு கயிற்றுக் கடை இருக்கிறது. மாட்டுக்கான கயிறு, மணி, சாட்டை, தார்ப்பாய் எல்லாம் விற்போம். சந்தை நாளில் அவர் டெம்போவில் சரக்கை ஏற்றிக்கொண்டு வேலந்தாவளம் போய்க் கடை போடுவார். அவர் குரல் சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சரியாகிவிட்டது, மெல்ல நடங்கள், பழையபடி இருங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். இவர்தான் நம்பவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக்கூடத் தம்பி வந்து ஆட்டோவில் கூட்டிப்போனால்தான் போவார்.

சைக்கிளைக் கோயமுத்தூரில் வாங்கி, சாமான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பேட்டரியைத் தனியாகக் கழற்றி உள்ளே எடுத்துவந்து, போன் மாதிரியே சார்ஜ் போடலாம். முதல் வாரம் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தென்னந்தோப்புப் பாதையில் ஓட்டிப் பழகினேன். ஷால் சக்கரத்தில் மாட்டாமல் இருக்க இடுப்போடு சேர்த்துப் பின் குத்திக்கொண்டேன். மிதியில் காலை அழுத்தியதும் யாரோ பின்னாலிருந்து முதுகில் மெதுவாகக் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. சிரித்துவிட்டேன். தனியாகத்தான் சிரித்தேன்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வழியெல்லாம் கேள்வி. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தர், "ஏனுங்க, மிதிக்காமயே போறீங்களே, எப்படிங்க?" என்பார். மிதித்துக்கொண்டுதான் இருப்பேன். அதை விளக்க நேரமிருக்காது; கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம், காயப்போட்ட துணி பறக்கும் என்பதுதான். சைக்கிளில் ஏறிய பிறகுதான் அது எந்த மாசம் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தத் தோப்பு அதைத் தடுக்கும், எந்த வெட்டவெளியில் பிடித்துத் தள்ளும் என்றெல்லாம் உடம்புக்குத் தெரிந்தது. ஆனி ஆடியில் மேற்குக் காற்று. காலையில் வேலந்தாவளத்துக்கு அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். சாயங்காலம் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மோட்டார் இல்லையென்றால் நான் பாதி வழியில் இறங்கித் தள்ளியிருப்பேன்.

தள்ளத்தான் வேண்டியும் வந்தது ஒருநாள். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரம் பஞ்சர். கடைவீதியில் சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். சக்கரத்திலிருந்து வரும் ஒயரைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்.

"கரண்டு வண்டிங்க இது. ஒயர் அந்துச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாதுங்க. வாங்குன எடத்துலயே குடுத்துருங்க."

வாங்கின இடம் கோயமுத்தூர். தள்ளிக்கொண்டே வீடு வந்து, சுவரில் சாத்திவிட்டு, டீ போட உள்ளே போய்விட்டேன். அழுகை வந்தால் அவர் பார்க்கக் கூடாது என்றிருந்தது.

டீயோடு வந்து பார்த்தால் நாற்காலி காலி. வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து டயரை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"காத்துப் போயிருச்சா?"

"முள்ளு ஏறியிருக்கும்போல. சைக்கிள் கடைக்காரர் தொட மாட்டேங்கறாரு."

"ஏன்? டயர்னா டயர்தான?"

வாங்கின கடையின் நம்பரைக் கேட்டு வாங்கி அவரே போன் செய்தார். எதிர்ப்பக்கம் இருந்தவர் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டுகிறார். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாமாம், ஒயரைத் தொடவே வேண்டாமாம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டிவிடலாமாம். என்னைச் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டியூபில் தடவத் தடவ ஓரிடத்தில் குமிழி வந்தது. டயருக்குள் விரலால் தடவி முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். வேலிக்காத்தான் முள்.

ஒட்டி முடித்துக் காற்றடித்தபோது நன்றாக மூச்சு வாங்கியது. நான் பயந்துபோய் பம்பை வாங்கப் போனேன். "இரு, இரு" என்று தடுத்துவிட்டு, கொஞ்சம் நின்று, மறுபடியும் அடித்தார். அன்றைக்குச் சாப்பிட உட்காரும்போதும் கையில் சொல்யூஷன் வாசனை போகவில்லை. அவர் கழுவவும் அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு, நான் வேலை முடிந்து வந்ததும் வண்டியை அவர்தான் துடைப்பார், பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போடுவார். "ஒட்டுனது நிக்குதான்னு பார்க்கறேன்" என்று ஒருநாள் ஏறி வாசல் கேட் வரைக்கும் போய்வந்தார். அடுத்த நாள் தோப்பு வரைக்கும். மோட்டாரின் உதவியை அதிகமாக வைத்தால் மிதிப்பது நடப்பதைவிட லேசு. அதை டாக்டரிடம் போனில் கேட்டேன். மூச்சு வாங்காத அளவில் தாராளமாக ஓட்டலாம் என்றார். இருந்தாலும் அவர் தோப்பைத் தாண்டியதில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆடியில் ஒரு சந்தை நாள். காலையில் தூறலாக இருந்ததால் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். வெயில் ஏறியதும் கடையில் கூட்டம். மாடு வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், தலைவலி மாத்திரை, கால்வலிக்குத் தைலம் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்து மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குரல் கேட்டது.

"ஒரு ஓ.ஆர்.எஸ். குடுங்க."

நிமிர்ந்தேன். சட்டை உடம்போடு ஒட்டி, முகம் சிவந்து, அவர் நிற்கிறார். கத்திரிக்கோலைக் கீழே போட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"என்னாச்சுங்க? யாரு கூட்டிட்டு வந்தாங்க? தம்பியா?"

"உன் சைக்கிள்தான் கூட்டிட்டு வந்துச்சு."

வாசலில் அது நின்றது. அங்கிருந்து இங்கு வரைக்கும் தனியாக வந்திருக்கிறார்.

"வழியில என்னமாவது ஆகியிருந்தா? போன் பண்ணக்கூட ஆளில்லாத எடமெல்லாம் இருக்குதுங்க!" என் குரல் உயர்ந்துவிட்டது. மாட்டுக்காரர் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. "இத்தன மாசமா அதைத்தான நெனச்சுட்டு உக்காந்திருந்தேன்" என்றார். "இன்னிக்கு வர்ற வழியில ஒருதடவகூட அந்த நெனப்பு வரலை. இங்க வந்து எறங்குன பொறவுதான் ஞாபகமே வந்துச்சு."

நான் உள்ளே போய் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்ஸும் எடுத்து வந்தேன்.

மத்தியானம் முழுக்க அவர், தம்பி சந்தையில் போட்டிருந்த கயிற்றுக் கடையில்தான் இருந்தார். எங்கள் மருந்துக் கடைக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு தெருதான். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் கேட்டது. "கன்னுக்குட்டிக்கா? இது வேண்டாங்க, கழுத்த அறுக்கும். இந்தாங்க, இது மெத்துனு இருக்கும்." தராசில் வைத்தால் பழைய குரலில் பாதிதான் இருக்கும். எனக்கு அது போதும்.

சாயங்காலம் காற்று பலமாகிவிட்டது. சைக்கிளின் சின்னத் திரையில் பார்த்தேன், சார்ஜ் இரண்டு கோடுதான் காட்டியது.

"நீங்க எங்கூட பஸ்ல வந்துருங்க. சைக்கிள் டெம்போவுல வரட்டும்."

"வந்த வழியில போகத் தெரியாதா எனக்கு?"

"வந்தப்ப காத்து பின்னால இருந்துச்சு. இப்ப எதுக்க அடிக்குது."

"அப்ப மோட்டார் எதுக்கு இருக்குது?"

தம்பி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "விடுங்க அண்ணி. நான் சாமான் ஏத்திட்டுப் பின்னாலயேதான வர்றேன்" என்றார்.

அவர் முதலில் கிளம்பினார். எனக்கு பஸ் கிடைக்க நேரமாயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில், இரண்டு பக்கமும் மரமில்லாத நீண்ட வெட்டவெளியில் அவரைப் பார்த்தேன். உடம்பை வளைத்து, சட்டை முதுகில் பந்துபோல் உப்ப, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். தூரத்துத் தென்னைகள் எல்லாம் எங்கள் பக்கமாக வளைந்திருந்தன. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அக்கா, அது நம்ம கயித்துக்கடைக்காரரு இல்லீங்களா? நல்லாயிட்டாரா?" என்றார். "ஆமாங்க, நல்லாயிட்டாரு" என்றேன். அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் திரும்பவில்லை, காற்றுக்கு இரண்டு கையும் ஹேண்டிலில் வேண்டியிருந்தது.

கொழிஞ்சாம்பாறையில் இறங்கி ஸ்டாப்பிலேயே நின்றேன். வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியது. போன் அடித்தால் எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டேன், அவர் இன்னும் சந்தையில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தார். இனி நிற்க முடியாது என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பவும் வளைவில் அவர் தெரிந்தார். ஒவ்வொரு மிதியாக மிதித்து வந்துகொண்டிருந்தார்.

"சார்ஜ் தீந்துருச்சு" என்றார் வந்து நின்றதும். "அந்த வெட்டவெளி தாண்டுனதுமே. முடியற எடத்துல மிதிச்சேன், முடியாத எடத்துல தள்ளுனேன். நெஞ்சு ஒண்ணும் சொல்லலை. காலுதான் வலிக்குது."

ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கினேன். டீக்கடைப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் சர்க்கரையில்லாத டீயை ஊதிக் குடித்துவிட்டு, "பசிக்குது. ஊட்டுல என்ன இருக்குது?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து, மருந்துக்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசிக்கிறது என்று சொன்னதே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நடந்ததை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். குறைந்த சார்ஜோடு கிளம்பியதற்கு இவருக்கு நன்றாகத் திட்டு விழுந்தது. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் கேட்டார்: "இப்ப மூச்சு வாங்குதா?"

"மேற்குக் காத்து அடிக்கறப்ப மட்டும், டாக்டர்."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை" என்று சிரித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கரண்டு சைக்கிள். அவருடையதில் கூடை பெரிசு, கயிற்றுச் சுருள் வைப்பதற்காக. காலையில் கடை திறக்க அவர் போகிறார், நான் வேலந்தாவளம் போகிறேன். ஹாலில் சார்ஜ் போட ஒரே பிளக்தான். யார் பேட்டரி முதலில் என்று தினம் ஒரு வாக்குவாதம். அன்றைக்குத் தொட மறுத்த சைக்கிள் கடைக்காரர் இவரிடம் வந்து பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூலத்தறைத் தடுப்பணைப் பக்கம் போகிறோம். வாய்க்கால் கரையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். போன வாரம் அவர் முன்னால் போனார். தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், கரை நிறைய ஓடியது. ஓரிடத்தில் நிறுத்தி, கட்டிக்கொண்டு போயிருந்த இட்லியைப் பிரித்தோம்.

"அடுத்த வாரம் மீன்கரை டேம் போலாமா?" என்றார்.

"ரொம்பத் தூரமுங்க. சார்ஜ் நிக்குமா?"

"சார்ஜரைக் கையில எடுத்துக்குவோம். வழியில டீக்கடையில ஒரு பிளக்கு குடுக்க மாட்டாங்களா?"

ஒரு பிளக்கில் ஒரு பேட்டரிதான் போட முடியும் என்று சொன்னேன். அப்படியானால் பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு டீ குடிப்போம் என்றார்.