சட்டை கேட்கப் போன இடத்தில்

போன வருஷம் ஜூன் மாதம். களக்காட்டில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தேன். தபால்காரர் தேடி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்தார். கோர்ட்டிலிருந்து வந்திருந்தது. என் மனைவி விவாகரத்து கேட்டிருந்தாள்.

அவள் பாளையங்கோட்டையில் நர்ஸ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று தார் சுமக்கிறவன். மூன்று வருஷமாகவே பிரிந்துதான் இருந்தோம். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் மனுவில் ஒரு வரி இருந்தது. மகள் ஜெபாவை நான் பார்க்க வரக்கூடாதாம். அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

அவளுக்கு நல்ல வக்கீல். எனக்கு வக்கீல் வைக்க வழியில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாயும் வராது. சபையில் ஜெபக்குறிப்பு சொல்லக்கூட எழுந்தவன் இல்லை நான். வாழைகளுக்கு நடுவே நின்று ஒரே ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, எனக்காகப் பேச ஒரு ஆளைத் தாரும்."

முதல் வாய்தாவில் ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்தார்கள்.

"வக்கீல் இல்லியா? கீழ சட்ட உதவி இருக்கு, போய்ப் பாருங்க. அடுத்த தடவை இப்படி வந்து நிக்கக்கூடாது."

எனக்கு முகம் செத்துப்போனது. என் சட்டையெல்லாம் வாழைக்கறை. எத்தனை துவைத்தாலும் போகாது. அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எங்கள் பேச்சில் சட்டையும் 'சட்ட'தானே? கீழே போர்டும் இருந்தது. 'இலவச சட்ட உதவி மையம்'. 'சட்டை'க்குக் கொம்பு போடாமல் விட்டுவிட்டார்களே என்று மட்டும் தோன்றியது. வெட்கத்தில் உள்ளே போகாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு மாதம் அதே ஜெபம். பதில் இல்லை.

அடுத்த வாய்தா அன்று, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையும் பஸ் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. இனி வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த அறைக்குள் போனேன்.

"அம்மா, ஜட்ஜ் அம்மா போகச் சொன்னாவ. ஒரு சட்ட வேணும். நாப்பது சைஸ்."

மேஜைக்குப் பின்னால் இருந்த வக்கீல் அம்மா என் கிழிசலைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, இங்கன சட்டை கிடையாது. சட்டம்தான் இருக்கு. கேஸ் எதும் நடக்கா?"

"நடக்கும்மா. வக்கீலுக்குக் குடுக்கத் துட்டு இல்ல."

"அதுக்குத்தானே நாங்க உக்காந்திருக்கோம்! பைய சொல்லுங்க."

நான் அழுதுவிட்டேன். வருமானச் சான்று மட்டும் கேட்டார்கள். வழக்கு முடியும்வரை அந்த அம்மாவே எனக்காகப் பேசினார்கள்.

கல்யாணம் நிலைக்கவில்லை. அதற்கும் ஜெபித்தேன். அது ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் ஜெபா என்னோடு இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. இந்தக் கதை தெரிந்த அவள், வந்ததும் முதலில் கிண்டலாகக் கேட்பது, "யப்பா, இன்னைக்காவது சட்ட கெடச்சுதா?"

இன்றும் யோசிக்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டது நானா, அப்படிப் புரியவைத்தது ஆண்டவரா? உள்ளே இருப்பது வக்கீல் என்று தெரிந்திருந்தால், என் கூச்சத்துக்கு அந்த வாசலை மிதித்திருப்பேனா?

இப்போது சபையில் எழுந்து ஜெபிக்கிறேன். இதில் எழுத்துப் பிழை திருத்தியது ஜெபா. வாசலிலேயே தயங்கி நிற்கிறவர்களே, உள்ளே போய்க் கேளுங்கள். தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை. அவருக்குப் புரியும்.